சாமி எடுத்த குதிரை

செம்பாறைப்பாளையத்துக் கீழ்வீட்டுச் செங்கோட்டையக் கவுண்டர் குனிந்து பார்த்தவர்கள் ஊரில் குறைவு. செருப்பைக்கூட நின்ற நிலையிலேயே காலால் துழாவித்தான் மாட்டுவார். கடலைக்காட்டு வரப்பில் நடக்கும்போது முதுகில் உலக்கையைக் கட்டி வைத்தாற்போல இருக்கும். போன மாசியிலிருந்து அந்த முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்திருந்தது. வீட்டு மரப்பெட்டியில் வேப்பிலைக்கு நடுவே மடித்து வைத்திருந்த சிவப்புப் பட்டுத் துண்டுதான் காரணம்.

கருப்பனார் கோயில் மாசித் திருவிழாவில் முதல் பரிவட்டம் யார் தலையில் ஏறுகிறது என்பதை வைத்துத்தான் அந்த ஊரில் ஒரு வீட்டின் மதிப்பு. மேல்வீடும் கீழ்வீடும் ஒரே பாட்டன் வழிவந்த பங்காளி வீடுகள். இருந்தும் அந்தப் பட்டு கீழ்வீட்டுத் தலையைத் தொட்டதே கிடையாது. செங்கோட்டையக் கவுண்டரைப் பெற்ற ஐயன் அந்தக் குறையோடுதான் கண்ணை மூடினார். போன மாசியில் அது தீர்ந்தது. பூசாரி காத்தான் பரிவட்டத்தோடு வந்து நின்றபோது கவுண்டர் தலை தாழ்த்தவில்லை. காத்தான் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று கட்டிவிட்டுப் போனான்.

அந்த மரியாதை வந்தது அவருடைய பவளாயி என்ற பெண்குதிரையால்.

திருவிழாவின் கடைசி நாளில் குதிரைப் பந்தயம் நடக்கும். ஆதியில் அது கோயில் ஆலமரத்திலிருந்து ஏரிக்கரை வரைக்கும் வெறும் ஓட்டம்தான். ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் முயல் வேட்டைக்கு வந்த இடத்தில் அந்த ஓட்டத்தைப் பார்த்தார். தங்கள் நாட்டில் குதிரை தாண்டி ஓடினால்தான் பந்தயம் என்று சொல்லி, வழியில் மூன்று தடைகள் வைக்கச் செய்தார். முதலில் முள் படல், பிறகு வாய்க்கால், கடைசியாக, அடியிலேயே மண் வெட்டி எழுப்பிய ஒரு மண்சுவர். ஜெயித்தவனுக்கு வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார். அடுத்த வருஷம் அவர் வரவில்லை. தடைகள் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டன.

அந்த இரண்டாவது வருஷமே மேல்வீட்டுக் குதிரை ஒன்று மண்சுவரைத் தாண்டி விழுந்து முன்னங்கால் முறிந்து கிடந்தது. கூட்டம் திகைத்து நின்றபோது காத்தானுக்கு அருள் வந்தது. கருப்பனாருக்கு ஏறிப்போக வாகனம் வேண்டியிருந்தது, அவரே பார்த்து எடுத்துக்கொண்டார் என்றான். சாமி எடுத்த குதிரை மேல் உயிர் பிரியும்வரை மனிதக் கை படக்கூடாது. சாமி எடுத்த இடத்து மண்ணை வெட்டித்தான் வருஷாவருஷம் அந்தச் சுவரில் மழை கரைத்த இடத்தில் ஒரு வரி மண் ஏற்றவேண்டும். குதிரைக்காரருக்கு முதல் பரிவட்டம். அடுத்த குதிரையைச் சாமி எடுக்கும்வரை அது அந்த வீட்டுக்கே. கோயில் வாசலில் குதிரையின் பெயரால் ஒரு மண்குதிரை. இதெல்லாம் அன்றைக்கு ஏற்பட்ட வழக்கம். பிறகு ஓமலூர் வியாபாரி ஒருவரின் குதிரை போயிற்று. மேல்வீட்டிலேயே இன்னொன்று போயிற்று. போன மாசியில் பவளாயி.

இந்த மாசிக்குப் பவளாயியின் குட்டி மணியன் தயாராக நின்றது. அம்மாவின் அதே செவலை நிறம், அதே நீண்ட கழுத்து. மகன் வேலுமணி அதன் மேல் ஏறி ஓட்டுவதாக இருந்தான்.

பந்தயத்துக்கு முதல் நாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் கவுண்டர் கட்டுத்தரையில் நின்று மணியனின் கால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கண்ணாத்தாள் வேகவைத்து ஆற்றிய கொள்ளுச் சட்டியோடு வந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு."

"முள்ளுப் படல்ல எந்தக் குருதையாச்சும் செத்திருக்குதுங்களா?"

"இல்ல."

"வாய்க்கால்ல?"

"ஒண்ணு உழுந்துச்சு. எந்திரிச்சு ஓடிருச்சு. எதுக்குக் கேக்கறே?"

"அத்தனையும் செவுத்துக்கு அந்தாண்டயேதான் உழுவுது. கருப்பனாருக்கு வேற எடமே தெரியாதுங்களா?"

"சாமி விசயத்துல நக்கல் வேண்டாம் கண்ணாத்தா."

"நக்கல் இல்லீங்க. முள்ளுப் படலு கோயலுக்குப் பக்கத்துலயே இருக்குது. வயசான சாமி, எதுக்கு அத்தன தூரம் நடந்து போயி எடுக்கோணும்னு கேட்டேன்."

அவள் கொள்ளைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டாள். மணியன் தலையை உள்ளே விட்டு மென்றது. கவுண்டருக்குக் கோபம் வந்தது. அவள் தப்பாகச் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பார். சொன்னதில் தப்பு எங்கே என்று அவரால் சட்டென்று பிடிக்க முடியவில்லை. அதனால்தான் கோபம். நேரில் போய்ப் பார்த்து வந்து அவள் வாயை அடைக்க வேண்டும் என்று தடியை எடுத்தார். குதிரையைப் பார்த்துக்கொள்ளும் சடையன் பின்னாலேயே வந்தான்.

சுவருக்குப் புதுவரி ஏற்றி முடித்திருந்தார்கள். குதிரைகள் வரும் பக்கத்தில் நின்று பார்த்தார். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தது. நல்ல குதிரைக்கு அது ஒரு உயரமே இல்லை. பிறகு சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

"சாமி, செருப்பு" என்றான் சடையன். "சாமி எடுத்த எடமுங்க. கழட்டிருங்க."

கழற்றிவிட்டு இறங்கினார். இறங்கினார் என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷாவருஷம் மண்ணை வெட்டி வெட்டி அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. திருவிழா முடிந்ததும் வீட்டுக்கு ஒரு கூடை என்று ஊரே அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் கட்டுத்தரையில் தூவுவதும் வழக்கம். அவர் வீட்டிலும் தூவியிருந்தார்கள். குழிக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தால் அதே சுவர் கழுத்தளவு இருந்தது. அடியில் மண் தீர்ந்து, ஊருக்குப் பெயர் கொடுத்த செம்பாறை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

போன வருஷம் இதே இடத்தில் விடியும்வரை நின்றவர்தான் அவர். குழியைப் பார்த்த நினைவே இல்லை. அன்றைக்கு அவர் பார்த்தது பவளாயியின் கண்ணை மட்டும்தான்.

தடியைச் சடையனிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்ச் சுவர் மேல் ஏற ஆரம்பித்தார்.

"என்ன பண்றீங்க சாமி?"

"குதிக்கப் போறேன்."

"எதுக்குங்க?"

"குருதை எதுக்குக் குதிக்குது?"

"அது மேல ஆளு உக்காந்து அடிக்கறாங்க. உங்கள ஆருங்க அடிச்சா?"

வீட்டில் ஒருத்தி அடித்துவிட்டாள் என்று சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. சுவர் மேல் நின்றதும் எதிர்வெயில் கண்ணில் அறைந்தது. பந்தயம் வைக்கும் நேரமும் இதே நேரம்தான். குழியின் நிறமும் தரையின் நிறமும் ஒன்றாகத் தெரிந்தன. குழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டே குதித்தார். அப்படியும் கால், பூமி இருக்கவேண்டிய இடத்தில் அதைத் தேடிவிட்டுக் காணாமல் இன்னும் கீழே போய்ப் பாறையில் இடித்தது. வலது முழங்கால் மடங்கிற்று. இரண்டு கைகளையும் ஊன்றி நாலு காலில் விழுந்தார்.

சடையன் உடனே ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நான் பாக்கலீங்க."

"எதப் பாக்கல?"

"எதையுமே பாக்கலீங்க."

கவுண்டர் எழுந்திருக்கவில்லை. பவளாயி சுவரைத் தொடவே இல்லை. மேல்வரியில் ஒரு கட்டி மண்கூட உதிரவில்லை என்று அன்றைக்கு ஊரெல்லாம் பேசிற்று. அவ்வளவு அழகாகத் தாண்டிய குதிரை ஏன் விழவேண்டும், சாமிதான் எடுத்திருக்கிறார் என்றார்கள். அவரும் அதைத்தான் நம்பினார். தாண்டிய குதிரைக்குக் கீழே ஊன்ற இடம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பவளாயி விழுந்தது சாயங்காலம். முன்னங்கால் தோலில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கப் பார்க்கும், முடியாமல் சாயும், திரும்பவும் எழப் பார்க்கும். மேளம் நிற்காமல் கொட்டிற்று. அவர் தலையில் பட்டுத்துண்டோடு நிமிர்ந்து நின்றார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கை படக்கூடாதே. ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கியபோதும் அது அவர் நின்ற பக்கம் பார்த்தே தூக்கிற்று.

"சாமி, எந்திரிங்க. ஆராச்சும் வந்துரப் போறாங்க" என்றான் சடையன், இன்னும் ஏரியைப் பார்த்தபடி.

நொண்டிக்கொண்டே நேராக மேல்வீட்டுக் களத்துக்குப் போனார். சின்னண்ணக் கவுண்டர் வெயிலில் காயும் கடலைக்காய்க்குக் காவலாக வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். செங்கோட்டையக் கவுண்டருக்குப் பங்காளி முறையில் அண்ணன். இரண்டு குதிரைகளைச் சாமிக்குக் கொடுத்தவர். நாளைக்கு அவருடைய மகன் கந்தவேல் கருவண்டு என்ற கறுப்புக் குதிரையை ஓட்டப்போகிறான்.

"வாப்பா தம்பி. என்ன, காலச் சாச்சுச் சாச்சு வெக்கறே?"

"முள்ளு குத்திருச்சுங்கண்ணா."

"முள்ளு குத்துனா மொழங்காலா வீங்கும்?"

கவுண்டர் வேட்டியை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார். "செவுத்துக்கு அந்தாண்ட ஒரு குழி கெடக்குதுங்கண்ணா. நாளைக்குக் காலைல என்ர ஆளுகள உட்டு மண்ணப் போட்டு மூடிறலாம்னு பாக்கறேன். ஒரு வார்த்த உங்ககிட்டக் கேட்டுக்கலாம்னு வந்தேன்."

சின்னண்ணன் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். பிறகு சிரித்தார். "சாமி எடுத்த எடத்தயா மூடறே?"

"குருதை உழுவுற எடத்த."

"அது செரி. பரிவட்டம் உன்ர ஊட்டுக்கு வந்துருச்சு. இனி வேற ஆருக்கும் போயிறப்படாது. குழிய மூடிப்போட்டா காலத்துக்கும் கீழூட்டுக்கே. கதவச் சாத்தித் தாழப் போட்டுக்கிட்டு உள்ளார உக்காந்துக்கலாம்னு பாக்கறே."

"அதுக்காகச் சொல்லலீங்கண்ணா."

"வேற எதுக்கு?" சின்னண்ணனின் சிரிப்பு போய்விட்டது. "என்ர ரெண்டு குருதை அங்க கெடந்து செத்துச்சு செங்கோட்டையா. மொதல்ல போனது என்ர ஐயன் அந்தியூர்ச் சந்தைல புடிச்சாந்தது. என்ர மடில தல வெச்சுத் தூங்கும். அது போனப்ப எனக்குச் சோறு எறங்கல. சாமி எடுத்துக்கிச்சுன்னு காத்தான் சொன்னதுக்கப்பறந்தான் ஒரு வா தண்ணி குடிச்சேன். நீ இப்ப வந்து குழிங்கறே. போயி ஒத்தடங் குடு போ."

திரும்பி வரும் வழியெல்லாம் கவுண்டர் அதையே நினைத்தார். சின்னண்ணன் சொன்னதில் ஒரு பாதி வசவு, ஒரு பாதி நியாயம். தலையில் அந்தப் பட்டை வைத்துக்கொண்டு குழி என்று எவன் சொன்னாலும் ஊர் அதைத் தந்திரம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். சொல்வதானால் பட்டை இறக்கி வைத்துவிட்டுச் சொல்லவேண்டும். இறக்கிவிட்டால் கீழ்வீட்டுக்கு அது மறுபடி ஏறப்போவதில்லை. ஐயன் சாகும்வரை ஏங்கிய ஒன்று. தன் கையாலேயே.

வீட்டில் வேலுமணி மணியனுக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு இவன் ஓடமாட்டான்" என்றார் கவுண்டர்.

தேய்த்த கை நின்றது. "எதுக்குங்கய்யா?"

"நாஞ் சொல்றேன்."

"கீழூட்டுக்காரங்க பயந்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. நான் ஊருக்குள்ள எப்படிங்க நடக்கறது?"

"நிமுந்து நட."

"நிமுந்து நடக்கறதுக்கு ஒண்ணு வேணுமல்லங்க" என்றான் வேலுமணி. அவன் அப்பாவிடம் எதிர்த்துப் பேசியது அதுவே முதல் தடவை. கவுண்டர் உள்ளே போனார்.

கண்ணாத்தாள் நொச்சித் தழையை வதக்கி முழங்காலில் வைத்துக் கட்டினாள். எப்படி வீங்கிற்று என்று கேட்கவில்லை. சடையன் எதையும் பார்க்காததை அவளிடம் முழுதாகச் சொல்லியிருக்க வேண்டும். கவுண்டர் பெட்டியைத் திறந்து பட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேப்பிலை காய்ந்து நொறுங்கிற்று.

"இத உட்டுட்டா நம்மூட்டுக்கு என்ன இருக்குது கண்ணாத்தா?"

அவள் கட்டின் முடிச்சை இறுக்கினாள். "கட்டுத்தரைல ஒரு குருதை இருக்குங்க."

மறுநாள் சாயங்காலம் ஆலமரத்தடியில் கூட்டம் நிறைந்திருந்தது. வாழப்பாடியிலிருந்து ஒரு குதிரை, திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து இரண்டு, மேல்வீட்டுக் கருவண்டு. மணியனை வேலுமணி ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றான், முகத்தை யாருக்கும் காட்டாமல். பந்தயத்தை வெடி போட்டுத் தொடங்கி வைப்பது கீழ்வீட்டு வேலை. அதற்காகக் கவுண்டர் பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கியில் குண்டில்லாமல் வெறும் வெடிமருந்து மட்டும் கெட்டித்துத் தோளில் சாய்த்திருந்தார்.

பூசாரி காத்தான் தாம்பாளத்தில் புதுப் பரிவட்டத்தோடு வந்தான். கல்லைக்கூடச் சடையன் கொண்டுவந்து போட்டிருந்தான்.

"சாமி எடுத்த குருதைக்காரரு, கீழூட்டுச் செங்கோட்டையக் கவுண்டரு" என்று காத்தான் கூவிவிட்டுக் கல்லின் மேல் கால் வைத்தான்.

"எறங்கு காத்தா" என்றார் கவுண்டர். "என்ர குருதையச் சாமி எடுக்கல."

காத்தானுக்குப் புரியவில்லை. "என்னங்க?"

"செவுத்துக்கு அந்தாண்ட குழி. குழிக்குள்ள பாறை. நாமதான் வெட்டி வெட்டி ஆழமாக்கி வெச்சிருக்கறோம். பவளாயி செவுத்தத் தொடாமத் தாண்டுனா. ஊனறதுக்குக் கீழ பூமி இல்ல. அதுல கால் போச்சு. அவ விடியற வரைக்கும் கெடந்து துடிச்சா. நான் பரிவட்டங் கட்டிக்கிட்டு நின்னு பாத்துட்டிருந்தேன். இது எனக்கு வேண்டாம். இன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே கீழூட்டுக்கு வேண்டாம்."

அந்த மனிதர் இத்தனை வார்த்தை ஒருசேரப் பேசி யாரும் கேட்டதில்லை.

"சாமி குத்தமாயிருங்க" என்றான் காத்தான் மெதுவாக.

"ஆனா என்ர ஊட்டுக்கே ஆவட்டும்."

சின்னண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகம் கறுத்திருந்தது. "அப்ப என்ர ரெண்டு குருதையும் வெறுஞ் சாவா செங்கோட்டையா?"

கவுண்டர் துப்பாக்கியைத் தோள் மாற்றினார். "வெறுஞ் சாவுதாங்கண்ணா" என்றார். "என்னதும்."

"உனக்குப் புத்தி கலங்கிப் போச்சு."

"குழிய மூடட்டும். மூடாம என்ர குருதை ஓடாது."

"ஓடாட்டி ஊட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போ. மத்தது இருக்குது. வெடியப் போடு. அது உன்ர ஊட்டு வேல, அதையாச்சும் செய்யி."

பின்னாலிருந்து ஒருவன், "கீழூட்டுக் குருதைக்குக் கொலுசு வாங்கிப் போடுங்கப்பா" என்றான். சிரிப்பு எழுந்தது. வேலுமணி மணியனின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கவுண்டர் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றவர்களின் குதிரையைத் தடுக்க அவருக்கு வழியில்லை. வெடி போடமாட்டேன் என்றால் வேறு யாராவது துண்டை வீசித் தொடங்கிவிடுவார்கள். துப்பாக்கியை வானத்தைப் பார்த்துப் பிடித்து விசையை இழுத்தார்.

குதிரைகள் பாய்ந்தன. முள் படலை எல்லாம் தாண்டின. வாய்க்காலில் திருச்செங்கோட்டுக் குதிரை ஒன்று நின்றுகொண்டது, மேலே இருந்தவன் தண்ணீரில் விழுந்தான், எல்லோரும் கைகொட்டினார்கள். கருவண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. எதிர்வெயிலில் அது ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. சுவருக்கு முன் அந்த நிழல் எழும்பிற்று. கந்தவேலின் தலைப்பாகை சுவருக்கு மேலே ஒரு நொடி தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் வந்த இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கடிவாளத்தை இழுத்துச் சுவரைச் சுற்றி விலகினார்கள்.

காய்ந்த மரக்கிளை முறிகிற சத்தம் அது.

கவுண்டர் துப்பாக்கியும் கையுமாக வீங்கிய காலோடு ஓடினார். ஊரே ஓடிற்று. கந்தவேல் குழியின் ஓரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கருவண்டு எழுந்திருக்கப் பார்த்தது. இடது முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அதை ஊன்றப் பார்த்துச் சாய்ந்தது. பெருமூச்சு விட்டது. மறுபடி எழப் பார்த்தது.

மேளக்காரர்கள் வழக்கப்படி கொட்டத் தொடங்கினார்கள். காத்தான் தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். அதே தாம்பாளம், அதே பரிவட்டம். இனி அது போகவேண்டிய தலை எது என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சின்னண்ணனுக்கு வழிவிட்டது.

சின்னண்ணன் விளிம்பில் நின்றார். அவர் கண் குதிரையின் மேல் இருந்தது.

"அய்யா" என்றான் கந்தவேல். அவனுக்கு மூச்சு வாங்கிற்று. "செவுத்தத் தொடலீங்கய்யா. நல்லாத் தாண்டிட்டான். தொடவே இல்லீங்க."

சின்னண்ணன் செருப்புக் காலோடு குழிக்குள் இறங்கினார். ஒருவரும் தடுக்கவில்லை. உள்ளே நின்று திரும்பிச் சுவரைப் பார்த்தார். அது அவர் கழுத்துக்கு வந்தது. காலால் மண்ணைச் சீய்த்தார். பாறை தெரிந்தது. கருவண்டு மறுபடி தலையைத் தூக்கிற்று, அவர் பக்கம் பார்த்து.

காத்தான் பரிவட்டத்தை நீட்டினான். சின்னண்ணன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"செங்கோட்டையா."

"சொல்லுங்கண்ணா."

"துப்பாக்கில என்ன கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்க. குண்டு ஊட்டுல பொட்டிக்குள்ள இருக்குது."

"எடுத்தாரச் சொல்லு."

கவுண்டர் திரும்பினார். வேலுமணி மணியனோடு கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். அப்பா எதுவும் சொல்லுமுன் ஏறிவிட்டான். பந்தயத்துக்கென்று தேய்த்து மினுக்கிய குதிரை காலியான தடத்தில் ஊரைப் பார்த்துப் பறந்தது. அந்த ஓட்டத்துக்கு யாரும் கைதட்டவில்லை.

"மனுசக் கை படப்படாதுங்க" என்றான் காத்தான். அவன் குரலில் பிடிவாதம் இல்லை, பயம்தான் இருந்தது.

"குழி வெட்டுனது ஆரு கையி காத்தா?" என்றார் சின்னண்ணன். "மேளத்த நிறுத்தச் சொல்லு. மெரளுது."

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. கவுண்டர் ஒரு சட்டியில் தண்ணீர் வாங்கி இறங்கிப் போய்க் கருவண்டின் வாயருகே வைத்தார். அது குடித்தது. வேலுமணி வரும்வரை குடித்துக்கொண்டே இருந்தது. கவுண்டர் சட்டியைச் சாய்த்துப் பிடித்தபடியே இருந்தார். போன வருஷமும் ஏரியில் இதே தண்ணீர்தான் கிடந்தது.

வேலுமணி வந்து ஈயக்குண்டையும் மருந்துக் கொம்பையும் அப்பாவின் கையில் வைத்தான். அவர் கெட்டித்தார். துப்பாக்கியைக் கண்டதும் குதிரை கண்ணை உருட்டி உதறிற்று. வெடிச்சத்தம் அதற்குப் பழக்கம், நெற்றிக்கு நேரே வரும் குழல் பழக்கமில்லை.

கவுண்டர் கையை நீட்டினார். "காத்தா, அந்தத் துணியக் குடு."

காத்தான் ஒரு கணம் தாம்பாளத்தை மார்போடு அணைத்தான். பிறகு பட்டை எடுத்துக் கொடுத்தான்.

செங்கோட்டையக் கவுண்டர் குனிந்தார். நொச்சிக்கட்டுப் போட்ட முழங்காலைப் பாறையில் ஊன்றி, குதிரையின் கழுத்தின் மேல் சாய்ந்து, அதன் இரண்டு கண்களையும் மூடி அந்தப் பரிவட்டத்தைக் கட்டினார். இறுக்காமல், காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டார். குதிரை அடங்கிற்று. சின்னண்ணன் உட்கார்ந்து அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். காதருகே ஏதோ சொன்னார். கவுண்டர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு சின்னண்ணன் தலையை மெல்லத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, "ம்" என்றார்.

ஒரே வெடி. ஏரியில் இருந்த கொக்குகள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தன.

ரொம்ப நேரம் இருவரும் குழிக்குள்ளேயே இருந்தார்கள். கூட்டம் மெல்லக் கலைந்தது. அந்த வருஷம் மண்குதிரைக்காகக் குயவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை.

"உன்ர பவளாயிக்கு உசிரு எப்பப் போச்சுன்னே?" என்று கேட்டார் சின்னண்ணன்.

"விடியறப்பங்க."

"என்னதுக்கு ரெண்டு நாளாச்சு. மொதக் குருதைக்கு." அவர் எழுந்து, சுவரின் மேல்வரியில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். புது மண் பொலபொலவென்று குழிக்குள் சரிந்தது. மேலே நின்ற சடையன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபக்கத்திலிருந்து தொடங்கினான். அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள்.

கவுண்டர் எழப் பார்த்தார். முழங்கால் கேட்கவில்லை. தடியை ஆலமரத்தடியிலேயே விட்டு வந்திருந்தார். அப்படியே மண்டிபோட்ட நிலையில் இருந்தார்.

சின்னண்ணன் வந்து முன்னால் கையை நீட்டினார்.

"அந்த முள்ளு இன்னம் குத்துதாக்கும்?"

"குத்துதுங்கண்ணா" என்று சொல்லிச் செங்கோட்டையக் கவுண்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.